ஸ்லீவா, பைபாஸா, ஊசியா: எடைக் குறைப்பு அறுவைக்கு முன் ஓர் ஒப்பீடு

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகும் மாதக்கணக்கில் முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களின் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வருகின்றன. உயிருக்கு ஏதாவது ஆகிவிடுமா? வாழ்நாள் முழுக்கக் கஞ்சி குடித்தே காலம் தள்ள வேண்டுமா? முடி கொட்டுமா? குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா? இவ்வளவு செலவழித்தும் எடை திரும்ப ஏறினால் என்ன செய்வது? 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த அறுவைக்காகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இறந்ததும், அரசு விசாரணைக்கு உத்தரவிட்டதும் செய்தியான பிறகு, முதல் கேள்வி மற்றவற்றை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

அந்த அச்சம் நியாயமானது; அதற்குக் கீழே விடை தேடியிருக்கிறேன். ஆனால் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ், இரைப்பையில் சிறு பை அமைத்துக் குடலை இணைக்கும் பைபாஸ், வாரந்தோறும் போடும் எடைக் குறைப்பு ஊசி ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது முதல் மாத ஆபத்தைவிட, ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் அவை நம்மிடம் கேட்கும் கட்டுப்பாடுதான். ஒன்று தினமும் மாத்திரை கேட்கும், மற்றொன்று மாதந்தோறும் பணம் கேட்கும், இன்னொன்று மூட்டுவலி மாத்திரையை நிரந்தரமாக விடச் சொல்லும். எந்தக் கட்டுப்பாட்டைத் தம்மால் விடாமல் காக்க முடியும் என்று தெரிந்தவருக்குத் தேர்வு பாதி முடிந்துவிடுகிறது.

## முதலில் அளவுகோல்கள்

முதல் அளவுகோல் தகுதி. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் வைத்து, எடையை உயரத்தின் இருமடியால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. 1991-இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு 40. உடன் நோய் இருந்தால் 35. 2022-இல் அமெரிக்க, பன்னாட்டு அறுவை மருத்துவர் சங்கங்கள் இதைத் தளர்த்தி, 35-க்கு மேல் எல்லோருக்கும் பரிந்துரைக்கலாம், 30-க்கு மேல் வளர்சிதை மாற்ற நோய் இருந்தால் கருதலாம், ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே கருதலாம் என்று கூறின. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரை நோயும் சேர்ந்துவிடுவதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 165 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு 27.5 என்பது சுமார் 75 கிலோ. ஆனால் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விதியின்படி, காப்பீடு கிடைக்க பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும், அதாவது அதே உயரத்துக்கு 109 கிலோ; அல்லது 35, அதாவது 95 கிலோவோடு, உடல் பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய இரத்தக்குழாய் நோய், கடுமையான உறக்க மூச்சடைப்பு, கட்டுப்படாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். மற்ற வழிகள் பலன் தரவில்லை என்பதும் காட்டப்பட வேண்டும். முழங்கால் வலியும் சினைப்பை நீர்க்கட்டியும் அந்தப் பட்டியலில் இல்லை. மருத்துவர் தகுதி என்று சொல்வதும் காப்பீட்டு நிறுவனம் தகுதி என்று ஏற்பதும் வேறு வேறு என்பதை, அறுவைக்கு நாள் குறித்த பிறகு தெரிந்துகொள்பவர்கள் அதிகம்.

மற்ற அளவுகோல்கள் இவை: முதல் மாதத்தின் ஆபத்து; ஐந்து, பத்து ஆண்டுகளில் நிற்கும் எடை; அன்றாட உணவில் வரும் மாற்றம்; வாழ்நாள் மாத்திரையும் பரிசோதனையும்; மொத்தச் செலவு; வேண்டாம் என்றால் திரும்ப முடியுமா என்பது. இவற்றோடு ஒவ்வொருவருக்கும் உரிய தனிக் காரணங்களும் உண்டு: நெஞ்செரிச்சல், மதுப்பழக்கம், வலி மாத்திரை, கருத்தரிக்கும் திட்டம்.

## உயிருக்கு ஆபத்தா?

அமெரிக்காவில் 4,776 பேரைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், பைபாஸ் அல்லது இரைப்பையைச் சுற்றி வளையம் பொருத்தும் அறுவைக்குப் பின் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 0.3 விழுக்காடு, ஆயிரத்துக்கு மூவர். பெரிய சிக்கலைச் சந்தித்தவர்கள் 4.3 விழுக்காடு. அனுபவமுள்ள மையங்களின் கணக்கு இது என்பதை மறந்துவிடக்கூடாது. இறப்புக்குக் காரணமாகக்கூடியவை தையல் கசிவு, காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலை அடைப்பது, இதயச் சிக்கல், மூச்சுத் திணறல் போன்றவை. அதனால்தான் அறுவை நடந்த அன்று மாலையே எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். அதனால்தான் குறட்டை விடுபவருக்கு உறக்கப் பரிசோதனை முன்கூட்டியே தேவைப்படுகிறது.

ஆகவே இந்த அச்சத்தைப் போக்க வேண்டியது மருத்துவமனையின் வசதி. தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா, பருமனானவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவர் இருக்கிறாரா, இரவு 2 மணிக்குக் கசிவு தெரிந்தால் திரும்ப அறுவை அரங்குக்குக் கொண்டுபோக ஆள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்தில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

## உணவும் நடையும் மட்டும்

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அமெரிக்காவில் நடந்த லுக் அஹெட் ஆய்வில், தீவிரமான வாழ்க்கைமுறைப் பயிற்சி பெற்றவர்கள் முதல் ஆண்டில் எடையில் 8.6 விழுக்காடு குறைந்தார்கள். ஏறத்தாழ பத்தாண்டு முடிவில் நின்றது 6 விழுக்காடு. 110 கிலோ உள்ளவருக்கு அது ஆறரைக் கிலோ. இவ்வளவு கண்காணிப்போடு செய்தவர்களுக்கே இதுதான் பலன் என்னும்போது, "வாயைக் கட்டினால் போதும், அறுவை எதற்கு" என்று உறவினர்கள் சொல்வது அறிவுரை ஆகாது.

ஆனாலும் பலன் எடையில் மட்டும் தெரிவதில்லை. சென்னையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எடை பெரிதாகக் குறையாமலே, வாழ்க்கைமுறை மாற்றம் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தது. பி.எம்.ஐ. 30-க்குக் கீழே இருந்து, கட்டுப்படாத நோய் எதுவும் இல்லாதவர்களுக்கும், ஓராண்டுக்குள் கருத்தரிக்க விரும்புபவர்களுக்கும், மதுப்பழக்கமோ மனச்சோர்வோ இன்னும் கட்டுக்குள் வராதவர்களுக்கும் இப்போதைக்கு இதுவே சரியான வழி.

## வாராந்திர ஊசி

செமாக்ளூடைடு ஊசி 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடையைக் குறைத்ததாக 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. டிர்செபடைடு என்ற மற்றொரு ஊசியின் உயர்ந்த அளவு 72 வாரங்களில் சுமார் 21 விழுக்காடு குறைத்தது. இந்தியாவில் டிர்செபடைடு, மவுன்ஜாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சிலும், எடைக் குறைப்புக்கான செமாக்ளூடைடு, வெகோவி என்ற பெயரில் அதே ஆண்டு ஜூனிலும் வந்தன. மவுன்ஜாரோ 5 மி.கி. குப்பியின் அறிமுக விலை 4,375 ரூபாய். வாரத்துக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு இரண்டேகால் லட்சத்தைத் தாண்டும். செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிவதால் விலைப் போட்டிக்கு வழி பிறந்திருக்கிறது. வாங்கும்போது அன்றைய விலையைப் பார்த்துக் கணக்கிடுவதே சரி.

மறைந்திருக்கும் செலவு, நிறுத்தும்போது தெரியும். செமாக்ளூடைடை நிறுத்தியவர்கள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றார்கள். கத்தி படாது என்பதற்காக ஊசியைத் தேர்ந்தெடுப்பவர், முடிவில்லாத மாதத் தவணைக்குச் சம்மதிக்கிறார். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பரவலாக உண்டு. மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் கூடாது. கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள் செமாக்ளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். வேறு எந்த அறுவைக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் இந்த ஊசி போடுவதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இரைப்பை காலியாக நேரம் பிடிக்கும்.

பி.எம்.ஐ. 30-க்கும் 35-க்கும் இடையில் உள்ளவர்களுக்கும், 27-க்கு மேல் இருந்து உடன் நோயும் உள்ளவர்களுக்கும், இதயநோயால் மயக்க மருந்து ஆபத்தானவர்களுக்கும் ஊசி மேலான தேர்வு. மிகப் பருமனானவர்களுக்கு அறுவைக்கு முன் எடையைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளவும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

## ஸ்லீவ்

இன்று மிகுதியாகச் செய்யப்படும் அறுவை இது. இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் குழாய்போல் தைத்துவிடுவார்கள். குடலில் கை வைப்பதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் சுரக்கும் பகுதி பெரும்பாலும் போய்விடுவதால் பசியும் அடங்குகிறது. சில சிறு துளைகள் வழியே செய்வதால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு வரலாம். வெட்டி எடுத்தது எடுத்ததுதான். திரும்பப் பொருத்த முடியாது. பின்னாளில் தேவைப்பட்டால் இதையே பைபாஸாக மாற்றலாம்.

எடை எவ்வளவு நிற்கும்? ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்ட பின்லாந்து ஆய்வின் பத்தாண்டு முடிவு 2022-இல் வந்தது. மிகை எடையில், அதாவது பி.எம்.ஐ. 25-க்கு உரிய எடையைத் தாண்டி இருப்பதில், ஸ்லீவ் குறைத்தது 43.5 விழுக்காடு, பைபாஸ் 50.7 விழுக்காடு. 165 செ.மீ. உயரமும் 110 கிலோவும் உள்ளவருக்குச் சுமார் 42 கிலோ மிகை எடை என்று கொண்டால், பத்தாம் ஆண்டில் ஸ்லீவ் 18 கிலோவையும் பைபாஸ் 21 கிலோவையும் குறைத்து வைத்திருக்கும். வித்தியாசம் மூன்று கிலோ. ஓராண்டில் 40 கிலோ குறைந்தவர்களின் படங்களை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

பெரிய வித்தியாசம் நெஞ்செரிச்சலில் இருக்கிறது. அதே பின்லாந்து ஆய்வில் பத்தாம் ஆண்டில் உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 31 விழுக்காட்டினருக்கும், பைபாஸ் செய்தவர்களில் 7 விழுக்காட்டினருக்கும் இருந்தது. சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்றும் ஐந்தாண்டு முடிவில் இதே திசையைத்தான் காட்டியது. நம்மிடையே தினமும் காலையில் கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டு, அதை ஒரு நோயாகவே கருதாமல், மருத்துவர் கேட்டாலும் "அசிடிட்டி எல்லாம் இல்லை" என்று சொல்பவர்கள் ஏராளம். அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் ஸ்லீவ் செய்துகொள்வது பின்னாளில் இரண்டாவது அறுவையில் கொண்டுபோய் விடலாம். அறுவைக்கு முன் எண்டோஸ்கோப்பி செய்யாத இடத்தில் ஸ்லீவ் வேண்டவே வேண்டாம்.

உணவைப் பற்றிய அச்சத்தில் பாதி தேவையற்றது. முதல் இரண்டு வாரம் நீராகாரம், அடுத்து மசித்த உணவு, பிறகு மென்மையான உணவு என்று ஏறக்குறைய இரண்டு மாதத்தில் வழக்கமான சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். அளவுதான் சிறிது. சிரமம் புரதத்தில் வருகிறது. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும். ஓர் இட்லியில் இருப்பதோ சுமார் 2 கிராம். அரை இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடும் நாட்களில் முட்டை, மீன், பன்னீர், மீல்மேக்கர், தயிர், சுண்டல் ஆகியவற்றை முதலில் சாப்பிட்டு, இடம் இருந்தால் மட்டும் சோறு என்று பந்தியின் வரிசையையே தலைகீழாக்க வேண்டியிருக்கிறது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது. அரை மணி நேர இடைவெளி வேண்டும். ரசமும் மோரும் கடைசியில் ஊற்றிக்கொள்ளும் பழக்கத்தை விடுவதுதான் பலருக்குச் சோற்றைக் குறைப்பதைவிடக் கடினம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கெட்டியான கோழிக்கறி இறங்கச் சிரமப்படும் அந்தக் குழாயில், மிக்சரும் ஐஸ்கிரீமும் சர்க்கரை போட்ட காபியும் எளிதாக இறங்கிவிடும். ஸ்லீவ் செய்து மூன்றாம் நான்காம் ஆண்டில் எடை ஏறுவதற்கு நாள் முழுக்கக் கொறிக்கும் பழக்கம் முக்கியக் காரணங்களில் ஒன்று.

நெஞ்செரிச்சல் இல்லாதவர்களுக்கும், மூட்டுவலிக்கு அவ்வப்போது வலி மாத்திரை தேவைப்படுபவர்களுக்கும், குடலில் ஏற்கெனவே அறுவை நடந்து ஒட்டல்கள் உள்ளவர்களுக்கும் பைபாஸைவிட ஸ்லீவ் ஏற்றது.

## ரூ-ஆன்-ஒய் பைபாஸ்

அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் 1966-இல் தொடங்கிய முறையின் வளர்ச்சி இது. இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பை அமைத்து, அதில் சிறுகுடலை இணைப்பார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும். உணவு அதன் வழியே போகாது. கோட்பாட்டளவில் பழையபடி மாற்ற முடியும் என்றாலும் அது பெரிய அறுவை.

சர்க்கரை நோய்க்கு இதன் பலன் வலுவானது. அமெரிக்காவில் ஐந்தாண்டு நடந்த ஸ்டாம்பீட் ஆய்வில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவை 6 அல்லது அதற்குக் கீழே கொண்டுவந்தவர்கள் பைபாஸில் 29 விழுக்காடு, ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. "அறுவை செய்தால் சர்க்கரை போய்விடும்" என்ற விளம்பரத்தையும் இந்த எண்களே மறுக்கின்றன: பத்தில் ஏழு பேர் அந்த அளவை எட்டவில்லை, ஆனாலும் பலருக்கு மருந்து குறைந்தது.

விலையும் அதற்கேற்ப உண்டு. இரும்பு, கால்சியம், பி12, வைட்டமின் டி வாழ்நாள் முழுவதும் வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்கக்கூடாது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளும் புகையும் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். முழங்கால் வலிக்காகவே எடையைக் குறைக்க வந்தவர் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும். இனிப்பு அதிகமானால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும் டம்பிங் என்ற தொல்லை உண்டு. ஒரு கிண்ணம் பாயசம் போதும். இனிப்பை விட முடியாத சிலர் இதையே ஒரு காவலாகக் கருதுவதும் உண்டு. ஆண்டுகள் கழித்துக் கடும் வயிற்றுவலி வந்தால் குடல் உள்ளே நழுவிச் சிக்கியிருக்கலாம். வாயு என்று வீட்டில் கஷாயம் குடித்துக்கொண்டிருக்கக்கூடாது. கருத்தடை மாத்திரையின் உறிஞ்சல் குறையலாம் என்பதால் வேறு முறைக்கு மாற வேண்டும்.

எல்லாவற்றிலும் குறைவாகப் பேசப்படுவது மது. பைபாஸுக்குப் பின் மது விரைவாகவும் மிகுதியாகவும் இரத்தத்தில் ஏறும். அமெரிக்க ஆய்வொன்றில் பைபாஸ் செய்தவர்களில் ஐந்தாண்டுக்குள் ஐவரில் ஒருவருக்கு மதுப்பழக்கக் கோளாறு புதிதாகத் தோன்றியது. வாரக் கடைசியில் மட்டும்தான் என்பவரும் மருத்துவரிடம் உண்மையைச் சொல்வது நல்லது. டாஸ்மாக் பக்கம் போவதே இல்லை என்று மனைவி முன்னால் சொன்ன பதிலை வைத்து அறுவை முறையைத் தேர்வு செய்யக்கூடாது.

கடும் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும், சர்க்கரை நோய் மருந்துக்குக் கட்டுப்படாதவர்களுக்கும் பைபாஸே மேல்.

## மினி பைபாஸும் பலூனும்

அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ரட்லெட்ஜ் 1997-இல் அறிமுகப்படுத்திய மினி பைபாஸில், வழக்கமான பைபாஸின் இரண்டு குடல் இணைப்புகளுக்குப் பதில் ஒன்றுதான், நேரமும் குறைவு; இந்தியாவில் செல்வாக்குப் பெற்ற முறை. பிரான்சில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில் எடைக் குறைவு வழக்கமான பைபாஸுக்கு ஈடாக இருந்தது. ஆனால் வயிற்றுப்போக்கும் சத்துக்குறைபாடும் கூடுதலாக இருந்தன. பித்தநீர் மேலே ஏறும் வாய்ப்பும் உண்டு. முட்டைகூடச் சாப்பிடாத சைவ உணவுக்காரர்கள், எவ்வளவு நீளக் குடல் விலக்கப்படுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சம்மதிக்க வேண்டும்.

பலூன், இரைப்பைக்குள் சில மாதம் மட்டும் வைக்கப்படும் தற்காலிக ஏற்பாடு. கல்யாணத்துக்கு முன் எடை குறைக்க நினைப்பவர்களுக்கு இது விற்கப்படுகிறது. பலூன் போன பிறகு எடை திரும்புவது வழக்கம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஊசி | ஸ்லீவ் | பைபாஸ் | மினி பைபாஸ் |
|---|---|---|---|---|
| திரும்ப முடியுமா | நிறுத்தலாம். எடை திரும்பும் | முடியாது | பெரிய அறுவையால் முடியலாம் | முடியலாம் |
| நெஞ்செரிச்சல் | சிலருக்குக் கூடும் | கூடும் வாய்ப்பு அதிகம் | பெரும்பாலும் குறையும் | பித்தநீர் ஏறலாம் |
| சர்க்கரை நோய் | போடும்வரை நல்ல பலன் | நல்ல பலன் | இன்னும் மேல் | இன்னும் மேல் |
| வாழ்நாள் சத்து மாத்திரை | பொதுவாக இல்லை | வேண்டும் | கட்டாயம், கூடுதல் | கட்டாயம், மிகக் கூடுதல் |
| வலி மாத்திரை | தடையில்லை | அளவோடு | கூடாது | கூடாது |
| செலவின் வடிவம் | மாதந்தோறும் | ஒருமுறை சில லட்சம், ஆண்டுப் பரிசோதனை | அதேபோல், மாத்திரை கூடுதல் | அதேபோல் |

## உடலும் ஊரும்

மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை முடி கொட்டுவது பரவலானது; புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப வளரும். தொங்கும் தோல் அப்படித் தானாகச் சரியாவதில்லை. வயிற்றிலும் கையிலும் தோலை எடுப்பது தனி அறுவை. அழகுக்கானது என்று காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக மறுக்கும். விரைவாக எடை குறைவதால் பித்தப்பைக் கல் வரலாம், அதற்கு ஆறு மாதம் மருந்து தருவார்கள். வாந்தி நாட்கணக்கில் நீடித்தால் பி1 குறைந்து நரம்பைப் பாதிக்கும் என்பதால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கருத்தரிப்பை 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட வேண்டும். எடை குறைந்ததும் மாதவிடாய் சீராகி எதிர்பாராமல் கருத்தரிப்பதும் நடக்கிறது, ஆகவே கருத்தடையைப் பற்றி முன்கூட்டியே பேசுங்கள். திருமணத்துக்குப் பெண் அல்லது மாப்பிள்ளை பார்க்கும் வீடுகளில் இந்த அறுவையை மறைக்கும் யோசனை வருகிறது. தினமும் மாத்திரையும் சிறு அளவு உணவுமாக ஒரே வீட்டில் வாழப்போகிறவரிடம் அது நடைமுறையில் முடியாது.

ஊரார் வாய்க்கும் ஆயத்தமாக வேண்டும். நம் தெருவில் எடை குறைந்தவரைப் பார்த்து முதலில் கேட்பது "என்ன, சுகர் வந்துடுச்சா?" என்பதுதான். பந்தியில் பரிமாறுபவர் "என்ன இவ்வளவுதானா, வையுங்க" என்று இலையை நிரப்புவார். வயிற்றில் அறுவை நடந்திருக்கிறது என்ற ஒரு வரி போதும். முழுக் கதை சொல்ல வேண்டியதில்லை. இதைவிடக் கவனிக்க வேண்டியது மனநிலை. உணவிலேயே ஆறுதல் தேடிய ஒருவருக்கு அந்த வழி ஒரே நாளில் அடைபடும்போது மனச்சோர்வு கூடலாம், ஆகவே அறுவைக்கு முன் மனநல ஆலோசனை வேண்டும் என்று சொன்னால் அதைச் சம்பிரதாயமாக நினைக்க வேண்டாம்.

## மருத்துவமனையில் கேட்க வேண்டியவை

பேக்கேஜ் விலையில் என்னென்ன அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒருமுறை மட்டும் பயன்படும் ஸ்டேப்ளர், எண்டோஸ்கோப்பி, உறக்கப் பரிசோதனை, தீவிர சிகிச்சையில் கூடும் ஒரு நாள் இவற்றுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கலாம். கசிவு ஏற்பட்டு மறு அறுவை செய்தால் யார் செலவு? முதல் ஆண்டில் 3, 6, 12-ஆம் மாதங்களிலும் பிறகு ஆண்டுதோறும் செய்யும் இரத்தப் பரிசோதனைக்கு எவ்வளவு? உணவு ஆலோசகர் எத்தனை மாதம் பேசுவார்? அறுவை செய்யும் மருத்துவர் வெளியூரிலிருந்து வந்து போகிறவரானால், அவர் இல்லாத நாளில் யார் பொறுப்பு என்பதையும், அந்த மருத்துவரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.